வெளியேறும் வழியை முதலில் கட்டுங்கள்

புதிய சமூக வலைத்தளங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் பொறியாளர்களுக்கும் தயாரிப்பு மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை உங்கள் முதலாளிகளுக்கு எழுதியிருக்கலாம், அமைச்சகத்துக்கு எழுதியிருக்கலாம். யோசித்துப் பார்த்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு சமூக வலைத்தளம் சின்னதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வருடங்களில், அதில் எது நிலைக்கும், எதைப் பின்னால் பிடுங்கிவிடலாம் என்பதை முடிவு செய்பவர்கள் நீங்கள்தான். அப்போது முதலாளிக்கு ஆட்கள் வந்து சேர வேண்டும் என்ற ஒரே கவலை. உங்கள் பேச்சு எடுபடும். விளம்பரப் பிரிவுக்குத் தனி மாடி வந்த பிறகு நீங்கள் தொண்டை வற்றக் கத்தினாலும் எடுபடாது. எழுதுவதற்கு இதுவே நேரம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் தளத்தில் இருக்கும் ஒருவர், தன் தொடர்புகளையும் தான் எழுதியதையும் எடுத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். இந்த வசதி முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும். நாளைக்குக் கம்பெனி யார் கைக்கு மாறினாலும் அதை நீக்க முடியாதபடி கட்டியிருக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், 2006ஐ ஒட்டிய வருடங்களில் தொடங்கி நடந்ததையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவன் நான். உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ட்விட்டரை எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோவில் ஓடியோ என்று ஒரு பாட்காஸ்ட் நிறுவனம் இருந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸுக்குள்ளேயே பாட்காஸ்ட்டைக் கொண்டுவந்ததும் ஓடியோவின் பிழைப்பில் மண் விழுந்தது. அடுத்து என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னபோது, அங்கே வேலை பார்த்த ஜாக் டோர்சி சொன்னதுதான் ட்விட்டராக ஆனது. 2006 மார்ச் 21 அன்று முதல் பதிவு போனது. எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும். அதில் 20 எழுத்தைப் பயனர் பெயருக்கு வைத்துக்கொண்டு மீதி 140ஐ நமக்குக் கொடுத்தார்கள். எழுத ஒரு பெட்டி, யாரைத் தொடர்கிறோம் என்ற பட்டியல், வந்து விழும் செய்திகள் என்று அந்த நிறுவனம் தானாகக் கட்டியது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கூடவே இன்னொன்றும் செய்தார்கள். 2006 செப்டம்பரிலேயே ஏபிஐயைத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து ட்விட்டரோடு பேசும் மென்பொருள் எழுதலாம் என்றார்கள். ட்விட்டர் ட்விட்டராக ஆனது அங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஐகான்ஃபாக்டரி என்று ஒரு சின்ன மென்பொருள் கடை. 2007 ஜனவரியில் மேக் கணினிக்கு ட்விட்டரிஃபிக் என்ற செயலியை வெளியிட்டார்கள். நீலப் பறவையைச் சின்னமாக வைத்தது அவர்கள். எழுத எழுத இன்னும் எத்தனை எழுத்து மிச்சம் என்று எண்ணிக் காட்டியது அவர்கள். ‘ட்வீட்’ என்ற சொல் முதலில் ஏறியதும் அவர்களுடைய செயலியில்தான். பிறகு ட்விட்டர் கம்பெனிக்கே பறவைதான் முகவரி ஆகிப்போனது.

ஒருவரைக் கூப்பிட்டுப் பேச @ போட்டுப் பெயர் எழுதும் பழக்கத்தைப் பயனர்கள் தாங்களாகவே கொண்டுவந்தார்கள். அடுத்தவர் சொன்னதைத் திரும்பச் சொல்ல முன்னால் ஆர்டி (ரீட்வீட் என்பதன் சுருக்கம்) என்று போட்டுக் கையால் நகலெடுத்து ஒட்டியதும் அவர்களே. தேடும் வசதியைக் கட்டியது சம்மைஸ் என்ற வெளி நிறுவனம். 2008 ஜூலையில் ட்விட்டர் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. திரையை விரலால் கீழே இழுத்துவிட்டால் புதிய பதிவுகள் வருகின்றன அல்லவா, அதைக் கண்டுபிடித்தவர் லோரன் பிரிக்டர். ட்வீட்டி என்ற தன் சொந்தச் செயலிக்காக அவர் எழுதியது அது. 2010 ஏப்ரலில் ட்வீட்டியையும் ட்விட்டர் வாங்கித் தன் அதிகாரபூர்வ ஐபோன் செயலியாக ஆக்கிக்கொண்டது. இன்றைக்கு மெயில் பார்த்தாலும் செய்தி பார்த்தாலும் நம் விரல் தன்னால் கீழே இழுக்கிறது. ஒரே ஓர் ஆள் வெளியே உட்கார்ந்து எழுதிப் பார்த்த வித்தை.

ஹேஷ்டேக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2007 ஆகஸ்ட் 23 அன்று கிரிஸ் மெசினா என்பவர் ஒரு பதிவு போட்டார். குழுக்களைக் குறிக்க # போட்டுக்கொண்டால் என்ன, #பார்கேம்ப் என்பது மாதிரி, என்று கேட்டார். அவ்வளவுதான் பதிவு. அவர் ட்விட்டர் ஊழியர் இல்லை. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. நிறுவனத்தாரிடம் போய்ச் சொன்னபோது, இது கணினிப் பைத்தியங்களுக்குத்தான் பிடிக்கும், பொதுமக்களிடம் போகாது என்கிற மாதிரிதான் அவர்கள் எண்ணம் இருந்தது. இரண்டே மாதத்தில், 2007 அக்டோபரில், கலிபோர்னியாவின் சான் டியகோ பக்கம் காட்டுத்தீ பரவியது. தீ எங்கே வந்திருக்கிறது, எந்தத் தெருவைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்ற செய்திகளுக்கு ஒரே # அடையாளத்தைப் போட்டு எழுத ஆரம்பித்தார்கள். எதற்கு இது என்று கேட்டவர்களுக்கும் அன்றைக்கு விளங்கிவிட்டது. ட்விட்டர் நிறுவனம் ஹேஷ்டேக்கைச் சொடுக்கக்கூடிய இணைப்பாக ஆக்கியது 2009 ஜூலையில்தான். ஏறக்குறைய இரண்டு வருடம் மக்கள் அதைத் தங்கள் கையாலேயே ஓட்டினார்கள். மெசினா அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். #சென்னைரெயின்ஸ், #சென்னைரெயின்ஸ்ஹெல்ப் என்ற அடையாளங்கள் அந்த நாட்களில் நகரத்தின் கட்டுப்பாட்டு அறைபோல வேலை செய்தன. எங்கெங்கிருந்தோ ஆட்கள் சேர்ந்து கூகுள் ஷீட்டில் வரிசை வரிசையாக ஏற்றினார்கள்: பகுதி, தெரு, போன் எண், எத்தனை பேர், முதியவர் இருக்கிறாரா, படகு வேண்டுமா, சாப்பாடா, மருந்தா. அந்த ஷீட்டில் இரவு உட்கார்ந்து போன் போட்டுச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன். பாதி எண்கள் கிடைக்கவே இல்லை; டவர் போயிருந்தது. கிடைத்த எண்ணில் ‘வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க சார்’ என்று ஒரு குரல் வந்தால், அந்த வரிசைக்கு நிறம் மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போவோம். அதே நாட்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து, தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்களே குறிக்கும் வரைபடம் ஒன்றும் வந்தது. இதில் எதையும் ட்விட்டர் திட்டமிட்டுக் கொடுக்கவில்லை. தடுக்காமல் இருந்தார்கள், அது போதுமாக இருந்தது.

இனி மூடிய கதை.

2011 மார்ச்சில் ட்விட்டர் தன் வெளி நிரலாளர்களிடம், பொதுவான ட்விட்டர் செயலிகளை இனிமேல் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2012 ஆகஸ்டில் விதிகளை இன்னும் இறுக்கியது: புதிய செயலி எதுவும் ஒரு லட்சம் பயனருக்கு மேல் போக அனுமதி கேட்க வேண்டும். ஒரு செயலி வெற்றி பெற்றால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது என்று அதற்குப் பொருள். 2013 ஜூனில் பழைய ஏபிஐயோடு ஆர்எஸ்எஸ் ஓடையும், அதாவது புதிய பதிவுகளை வெளி மென்பொருளில் வரிசையாக வாங்கிப் படிக்கும் வழியும், நின்றது. அடுத்த மாதம் முதல் தேதி கூகுள், அப்படிப்பட்ட ஓடைகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய தன் ரீடரை மூடியது. இரண்டும் தனித்தனிக் கம்பெனிகளின் தனித்தனி முடிவுகள். ஆனால் வாசிக்கிறவனுக்கு இரண்டும் சேர்ந்துதான் வந்தன. யார் எழுதியதை எந்த வரிசையில் படிப்பது என்பது அதுவரை என் கையில் இருந்தது. அதற்குப் பிறகு கம்பெனி எது காட்டுகிறதோ அதுதான்.

இந்த இரண்டு கதைகளிலும் ஒரே மனிதர் வருகிறார். கூகுள் ரீடரைத் தொடங்கிய பொறியாளர் கிரிஸ் வெதரெல். 2009இல் ட்விட்டரின் ரீட்வீட் பொத்தானைக் கட்டிய அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பத்து வருடம் கழித்து, நாலு வயதுக் குழந்தை கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று பொதுவெளியில் வருந்திச் சொன்னார். கையால் நகலெடுத்து ஒட்டிய காலத்தில் ஒரு நொடி யோசிக்க இடம் இருந்தது. பொத்தான் அந்த நொடியை எடுத்துவிட்டது என்பது அவர் கருத்து. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. செய்ததைப் பத்து வருடம் கழித்தாவது எடைபோட்டுப் பார்க்கும் பொறியாளர்கள் அபூர்வம்; அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. நீங்கள் இன்றைக்கு ஒரு மதியத்தில் எடுக்கிற முடிவு அவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொன்னேன்.

2023 ஜனவரியில் முழுக் கதவையும் சாத்தினார்கள். ட்விட்டரிஃபிக், ட்வீட்பாட் போன்ற வெளிச் செயலிகள் ஒரு வியாழக்கிழமை இரவில், முன்னறிவிப்பு ஒரு வரிகூட இல்லாமல், செத்துப்போயின. அதற்கான விதியைச் சில நாள் கழித்துத்தான் எழுதிச் சேர்த்தார்கள். பறவையைக் கொடுத்த ஐகான்ஃபாக்டரிக்குக் கிடைத்த மரியாதை இதுதான். அந்தச் சின்னக் கடைக்காரர்கள், ஆண்டுச் சந்தா கட்டியிருந்த தங்கள் வாடிக்கையாளர்களிடம், முடிந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் விட்டுவிடுங்கள் என்று வேண்ட வேண்டியிருந்தது. பதினாறு வருட உழைப்பு.

பிப்ரவரி 2ஆம் தேதி இன்னொரு அறிவிப்பு வந்தது: ஒரு வாரத்தில் இலவச ஏபிஐ முழுக்க நிற்கும். நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 6 அதிகாலை, துருக்கியிலும் சிரியாவிலும் நிலநடுக்கம். துருக்கி நிரலாளர்கள் இடிபாட்டுக்கு அடியிலிருந்து ட்வீட் போட்டவர்களின் முகவரிகளைத் திரட்டி மீட்புக் குழுக்களுக்குக் கொடுக்கும் மென்பொருள்களை அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அவையெல்லாம் அந்த ஏபிஐயை நம்பித்தான் ஓடின. நிறுத்தாதீர்கள் என்று அவர்கள் கெஞ்சவேண்டி வந்தது. கெடு தள்ளிப்போனது. ஒரு நிறுவனம் மனம் இரங்கினால்தான் நடக்கும் என்ற நிலையில் மனித உயிர் சம்பந்தப்பட்ட வேலை தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் இன்றுவரை ஜீரணிக்கவில்லை. 2015இல் சென்னையில் நாங்கள் செய்ததை இன்றைக்கு அதே தளத்தில் அதே வேகத்தில் செய்ய முடியாது.

ட்விட்டரைப் பிறகு வாங்கி ‘எக்ஸ்’ என்று பெயர் மாற்றிய புதிய முதலாளி ஒருவரால் வந்த வினை என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள். கதவைச் சாத்தத் தொடங்கியது 2011இல். அப்போது அவர் அங்கே இல்லை. ரெடிட் என்ற விவாதத் தளம் 2023 ஜூலையில் அதையே செய்தது. அப்போலோ என்ற வெளிச் செயலியை எழுதியவர், புதிய கட்டணப்படி வருடத்துக்கு 2 கோடி டாலர் கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு மூடினார். ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்துப் போராடியும் ஒன்றும் மாறவில்லை. ஆட்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சின்னதாக இருக்கும்போது திறந்திருப்பது லாபம், பெரிதானபின் மூடியிருப்பது லாபம் என்பதால் எல்லா இடத்திலும் இதே வரிசையில்தான் நடக்கிறது.

பேஸ்புக்கின் கதையில் இது இன்னும் அப்பட்டம். பேஸ்புக் வளர்ந்த நாட்களில், நண்பர்களைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லி உங்கள் மெயிலின் பாஸ்வேர்டையே கேட்டு வாங்கும். அதை வைத்து ஜிமெயிலிலும் யாகூவிலும் இருக்கும் உங்கள் முகவரிப் புத்தகத்தை இழுத்துக்கொள்ளும். அதாவது, உங்கள் தொடர்புகள் உங்களுடையவை, அவற்றை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்பது அப்போதைய கொள்கை. அதே உரிமையை பேஸ்புக்கிடம் திருப்பிக் கேட்டால்? 2008 ஜனவரியில் ராபர்ட் ஸ்கோபிள் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் கேட்டுப் பார்த்தார். பிளாக்ஸோ என்ற முகவரிப் புத்தக நிறுவனத்தின் நிரலை வைத்து, தன் நண்பர்களின் பெயர், பிறந்தநாள், மெயில் முகவரிகளை வெளியே எடுத்தார். பேஸ்புக் மெயில் முகவரிகளை எழுத்தாக வைக்காமல் படமாகக் காட்டும். யாரும் நகலெடுக்கக் கூடாது என்று. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வித்தை அந்த நிரலில் இருந்தது. உடனே அவர் கணக்கை முடக்கினார்கள். ஊர் கூடிச் சத்தம் போட்ட பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

2010 நவம்பரில் கூகுள் பொறுமை இழந்தது. தொடர்புகளை வெளியே எடுக்க அனுமதிக்காத தளங்களுக்கு எங்கள் முகவரிப் புத்தக ஏபிஐயும் கிடையாது என்று விதியை மாற்றியது. பேஸ்புக் என்ன செய்தது தெரியுமா? கூகுளின் தரவிறக்கப் பக்கத்துக்கு நேராக இணைப்புக் கொடுத்து, அங்கே கோப்பை இறக்கி இங்கே கொண்டுவந்து ஏற்றுங்கள் என்று பயனருக்கு வழி காட்டியது. உள்ளே வர அத்தனை பாதை. வெளியே போக ஒற்றையடிப் பாதைகூட இல்லை. பவர் வெஞ்சர்ஸ் என்ற நிறுவனம், பயனரே விருப்பப்பட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை வைத்துப் பல தளங்களை ஒரே இடத்தில் காட்ட முயன்றபோது, 2008 டிசம்பரில் பேஸ்புக் வழக்குப் போட்டது. தானே முன்பு செய்த வேலையை இன்னொருவர் செய்ததற்கு வழக்கு. நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பிய பிறகும் நுழைந்தது கணினி மோசடிச் சட்டத்தை மீறிய செயல் என்று 2016இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2007 ஆகஸ்டில் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக், லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தை உருவாக்கியவர், யார் யாருக்கு நண்பர் என்ற வலைப்பின்னல் ஒரு கம்பெனியின் சொத்தாக இருக்கக் கூடாது, பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று வழிமுறைகளோடு எழுதிவைத்தார். அடுத்த மாதமே ஜோசப் ஸ்மார், மார்க் கேன்டர், ராபர்ட் ஸ்கோபிள், மைக்கேல் ஆரிங்டன் நால்வரும் சமூக வலைப் பயனர்களின் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டார்கள். தன் விவரங்கள், தன் தொடர்புப் பட்டியல், தன் செயல்பாட்டு ஓடை எல்லாம் பயனரின் சொத்து. யாரோடு பகிர்வது என்பது அவர் கட்டுப்பாடு. நம்பும் வெளித்தளத்துக்கு அதைத் தொடர்ந்து திறந்துவிட அவருக்குச் சுதந்திரம். மொத்தமே ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அறிக்கை. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் ஒரு வரியை மாற்ற வேண்டியதில்லை. 2007இல் தெளிவாகத் தெரிந்த ஒன்றை இத்தனை வருடம் கட்டாமல் விட்டிருக்கிறது உங்கள் தொழில். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

உங்கள் மறுப்பு எனக்குத் தெரியும். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்பீர்கள், பேஸ்புக் பயனர்களின் விவரங்கள் போய்ச் சேர்ந்த அரசியல் ஆலோசனை நிறுவனம். நியாயமான மறுப்பு, சுலபமாகத் தாண்டிப் போக மாட்டேன். ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் பேஸ்புக்கில் ஒரு ஆளுமைத் தேர்வுச் செயலியைப் போட்டுக்கொண்டார்கள். அதன் வழியாக 8.7 கோடி பேர் வரைக்கும் விவரங்கள் வெளியே போயின. 2018 மார்ச்சில் விஷயம் வெடித்ததிலிருந்து, எதைத் திறக்கச் சொன்னாலும் கம்பெனிகள் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் அங்கே திறந்திருந்தது என்ன? என் நண்பருக்கு எந்தப் படம் பிடிக்கும், அவர் எந்த ஊர், அவர் எதற்கு லைக் போட்டார் என்பதை, அவரைக் கேட்காமலேயே நான் ஒரு செயலிக்குக் கொடுத்துவிட முடிந்தது. அது என் சொத்தே இல்லை. கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை. அதை பேஸ்புக் மூடியது சரி, தாமதமாக மூடியது தவறு. நான் கேட்பது என் எழுத்து, என் படம், நான் யாரைத் தொடர்கிறேன் என்ற முகவரிப் பட்டியல், என்னைத் தொடர்கிறவர்களுக்கு ‘இவர் இடம் மாறிவிட்டார்’ என்று போய்ச் சேரும் தகவல். இதில் அடுத்தவர் அந்தரங்கம் எதுவும் இல்லை. ஏபிஐக்கு சர்வர் செலவு ஆகும் என்றால் ஆகும் செலவையும் அதற்கு மேல் நியாயமான லாபத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கட்ட முடியாத விலையைப் போட்டுவிட்டு, திறந்துதான் வைத்திருக்கிறோம் என்று சொல்லாதீர்கள்.

தரவிறக்கம் கொடுத்துவிட்டோமே என்று அடுத்து சொல்வீர்கள். பேஸ்புக் 2010 முதல் கொடுக்கிறது, ட்விட்டர் 2012 கடைசியிலிருந்து. ஐரோப்பியச் சட்டமும் 2018 முதல் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இறக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு ஜிப் கோப்பு வரும். உள்ளே படங்கள் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். எந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன் என்பதே தெரியாது, ஏனென்றால் கேள்வி கேட்டவருடைய பதிவு அதில் இருக்காது. அதை ஏற்றுக்கொள்ளும் இன்னொரு தளமும் இருக்காது. ஹார்ட் டிஸ்கில் கிடந்து தூசி படிய வேண்டியதுதான்.

2011 ஜனவரி 20க்கு முன்னால் இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் செல்போன் கம்பெனியை மாற்றினால் எண்ணும் மாறும். கல்யாணப் பத்திரிகையில் போட்ட எண், கடைப் பலகையில் எழுதிய எண், வங்கியில் கொடுத்த எண் எல்லாம் வீண். அதற்குப் பயந்தே எத்தனையோ பேர் டவர் கிடைக்காத கம்பெனியிலேயே காலம் தள்ளினார்கள். எண்ணைக் கூடவே கொண்டுபோகலாம் என்று விதி வந்ததும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி ஆளாளுக்கு மாறினார்கள். எந்தக் கம்பெனியும் தானாக முன்வந்து அதைக் கொடுக்கவில்லை; ஒழுங்குமுறை ஆணையம் சொல்லித்தான் கொடுத்தது. சமூக வலைத்தளங்களுக்கும் அப்படி ஒரு விதி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் கொடுத்த வரைவிலும், 2019 மசோதாவிலும், தரவைக் கொண்டுபோகும் உரிமை இருந்தது. 2023இல் சட்டமாக நிறைவேறியபோது அந்த உரிமை அதில் இல்லை. அமைச்சகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. எவான் புரோட்ரோமு என்பவர் 2008இலேயே ஐடென்டிகா என்று ட்விட்டருக்கு இணையான திறந்த தளம் ஒன்றைக் கட்டிப் பார்த்தார். அந்த வழியில் வளர்ந்த ஆக்டிவிட்டிபப் நெறிமுறை, அதாவது வெவ்வேறு தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது விதி, 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகவே வந்துவிட்டது. மாஸ்டடான் என்ற திறந்த சமூக வலைத்தளம் அதில் ஓடுகிறது. அங்கே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் என்னைத் தொடர்கிறவர்கள் தன்னால் கூடவே வருகிறார்கள். பழைய பதிவுகள் வருவதில்லை; அந்தக் குறையை அங்கே வேலை செய்கிறவர்கள் தீர்த்தே ஆக வேண்டும். புளூஸ்கையில் இருப்பவர்களே, உங்கள் நெறிமுறை காகிதத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது: பெயர், பதிவு, தொடர்பு மூன்றையும் சேர்த்தே கொண்டுபோகலாம். ஆனால் பெரும்பாலான கணக்குகள் இன்னும் உங்கள் கம்பெனியின் சர்வர்களில்தான் இருக்கின்றன. சாதாரண ஆள் ஒருவர் தன் போனிலிருந்து, கட்டளை வரி எதுவும் அடிக்காமல், பத்து நிமிடத்தில் வெளியே போய்க் காட்டும் வரைக்கும் அந்த வசதி இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேஸ்புக் நிறுவனத்தின் இன்னொரு தளமான த்ரெட்ஸின் பொறியாளர்களே, ஆக்டிவிட்டிபப்பை நீங்கள் சேர்க்கத் தொடங்கியதே பெரிய விஷயம். பாதியில் விட்டுவிடாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் பழைய சரித்திரத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். சந்தேகப்பட எங்களுக்குக் காரணம் இருக்கிறது.

மூடும் நாளைப் பற்றியும் இப்போதே எழுதிவையுங்கள். மக்கள் சொந்த வலைப்பக்கம் வைத்துக்கொண்ட ஜியோசிட்டிஸ் தளத்தை யாகூ 1999இல் 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டு வாங்கி, 2009 அக்டோபர் 26 அன்று அணைத்தது. இன்றைக்கு அதில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது என்றால், ஜேசன் ஸ்காட்டின் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் இன்டர்நெட் ஆர்க்கைவும் கெடுவுக்குள் ஓடி ஓடி நகலெடுத்ததால்தான். பழைய சமூக வலைத்தளமான ஃப்ரெண்ட்ஸ்டர் 2011இல் விளையாட்டுத் தளமாக மாறியபோது மக்களின் பழைய படங்களையும் பதிவுகளையும் துடைத்தது. மைஸ்பேஸ், சர்வர் மாற்றும்போது மூன்று வருடத்துக்கும் முன்னால் ஏற்றிய பாட்டும் படமும் வீடியோவும் போய்விட்டிருக்கலாம் என்று 2019இல் ஒரு வரியில் சொல்லி முடித்தது. பதிவு செய்ய ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லாத எத்தனையோ இசைக் குழுக்களுக்கு அது ஒன்றுதான் பிரதி. இவற்றோடு பார்த்தால் ஆர்குட் கொஞ்சம் கண்ணியமாகவே போனது என்பேன். 2014 செப்டம்பர் 30 அன்று மூடிய பிறகும் இரண்டு வருடம், நண்பர்கள் எழுதிவைத்த ஸ்கிராப், டெஸ்டிமோனியல் குறிப்புகளையும் படங்களையும் இறக்கிக்கொள்ள விட்டார்கள். அதையாவது குறைந்தபட்ச அளவாக வையுங்கள்: மூடுவதற்கு முன் இத்தனை மாத அறிவிப்பு, மூடிய பிறகு இத்தனை வருடம் தரவிறக்கம், பொதுப் பதிவுகளின் ஒரு பிரதி ஆவணக் காப்பகத்துக்கு. பயனர் விதிமுறையிலேயே இருக்கட்டும், கம்பெனி கைமாறினாலும் கட்டுப்படுத்தும்படி.

ஒவ்வொரு பொதுக் கணக்குக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை கொடுங்கள். மாஸ்டடானும் புளூஸ்கையும் கொடுக்கின்றன. ஒரு நாள் வேலைதான். வெளி நிரலாளர்களுக்கு விதியை மாற்றுவதென்றால் குறைந்தது ஒரு வருடம் முன்னால் சொல்லுங்கள். பேரிடர் நேரத்துக்கு இலவச ஏபிஐயை நிபந்தனையில்லாமல் எழுதிவையுங்கள், கெஞ்ச விடாதீர்கள். உங்கள் தளத்தில் பயனர்களோ வெளியாட்களோ கண்டுபிடித்துக் கொடுத்த பழக்கத்தை நாளைக்கு வசதியாக ஆக்கினால், யார் கண்டுபிடித்தது என்று வெளியீட்டுக் குறிப்பில் பெயர் போடுங்கள்.

உங்கள் அடுத்த திட்டமிடல் கூட்டத்தில் இந்த வேலைக்கு ஒரு டிக்கெட் (வேலைப் பட்டியலில் ஒரு பதிவு) போடுங்கள். ‘இப்போது முக்கியம் இல்லை, வளர்ந்த பிறகு பார்க்கலாம்’ என்று யாராவது அதைக் கீழே தள்ளினால், 2011 மார்ச்சையும் 2023 ஜனவரியையும் அந்த டிக்கெட்டிலேயே எழுதிவிட்டு மறுபடி மேலே ஏற்றுங்கள். முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தால் அதைப் பொதுவில் எழுதுங்கள். நான் படித்துப் பதில் எழுதுகிறேன், தமிழ்நாட்டிலேயே இதைப் புரிந்து பதில் சொல்லக்கூடிய நிரலாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
2006 முதல் உங்கள் தளங்களில் எழுதிவரும் ஒரு பயனர்